நகரின் ஓரத்தில் இருக்கும் இடங்களுக்கு இணைப்புப் பேருந்துச் சேவை ஏற்பாடு செய்வது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் கிராமம் என்று சொல்லத்தக்க இடங்கள் அதிகம் மிச்சமில்லை. ஆனாலும் லிம் சூ காங், கிராஞ்சி, சுங்கை தெங்கா போன்ற வட்டாரங்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஒருவரை எம்ஆர்டி (பெருவிரைவு ரயில்) நிலையத்திலிருந்து பண்ணைக்கோ வெளிநாட்டு ஊழியர்கள் தங்கும் விடுதிக்கோ கொண்டு சேர்ப்பதில் உள்ள சிக்கல் கிராமப்புறப் போக்குவரத்தின் சிக்கல்தான். பயணிகள் சிதறியிருக்கிறார்கள், தொலைவு அதிகம், ஒரு பேருந்துக்கும் அடுத்த பேருந்துக்கும் இடையே நீண்ட இடைவெளி, ஒன்றைத் தவறவிட்டால் நடந்து போக வழியில்லை.

பொங்கல் விழா, மருத்துவ முகாம், விடுதியில் தங்கும் ஊழியர்களுக்கான மொழி வகுப்பு, பண்ணைச் சுற்றுலா என்று ஏதோ ஒன்றுக்காக இத்தகைய இடத்திற்கு இணைப்புப் பேருந்து ஏற்பாடு செய்யும் பொறுப்பை முதன்முறையாக ஏற்கும் தொண்டூழியர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. பொறுப்பேற்றவுடன் பெரும்பாலானோர் செய்யும் முதல் வேலை, தெரிந்த பேருந்து நிறுவனத்தை அழைத்து வாடகை கேட்பது. அது இங்கே ஆறாவது படியாக வருகிறது. காரணம் எளியது: எத்தனை மணி வரை ஓட வேண்டும், எங்கிருந்து எங்கே ஓட வேண்டும், ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பவை தெரியாமல் வாடகைக்கு எடுக்கப்படும் வண்டி, பெரிதாகவோ சிறிதாகவோ சீக்கிரம் திரும்பிப் போவதாகவோ அமைந்துவிடும், அதன் பிறகு மற்ற எல்லாவற்றையும் அந்த வண்டிக்கு ஏற்ப வளைக்க வேண்டியிருக்கும்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

போக வேண்டிய இடத்தின் வாயிலைத் திறந்துவிடும் பொறுப்பாளரின் தொலைபேசி எண், அந்த வட்டாரத்தில் ஓடும் பொதுப் பேருந்துகளின் எண்கள், அருகிலுள்ள நிறுத்தங்களின் ஐந்திலக்கக் குறியீடுகள், செலவை ஏற்பவரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் ஆகிய நான்கும் வேண்டும். நான்காவது இல்லாமல் மற்ற மூன்றையும் சேகரிப்பது வீண் வேலை. நிறுத்தக் குறியீட்டைச் சிறு விஷயமாக எண்ண வேண்டாம். லிம் சூ காங் சாலையில் அடுத்தடுத்த நிறுத்தங்கள் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும், சுற்றிலும் அடையாளம் சொல்லக் கடையோ கட்டடமோ இருக்காது. கம்பத்தில் எழுதியிருக்கும் அந்த எண் ஒன்றுதான் வழிதவறியவர் தொலைபேசியில் உறுதியாகச் சொல்லக்கூடியது.

1. கடைசிப் பயணத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

விடுதி வாயிலில் அறிவிப்புத் தாளை நீட்டும்போது ஊழியர்கள் கேட்கும் முதல் கேள்வி, எப்போது கிளம்பும் என்பதன்று. "திரும்பி வர எத்தனை மணி வரைக்கும் பஸ் இருக்கும் அண்ணே?" என்பதுதான். அதற்குத் தெளிவான பதில் இல்லையென்றால் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள், வரமாட்டார்கள். திரும்பும் வழி உறுதியாகாத இடத்துக்கு யாரும் போவதில்லை. போக வண்டி இருந்தும் கூட்டம் சேராத பல ஏற்பாடுகளின் காரணம் இதுவே.

ஆகவே கணக்கை இறுதியிலிருந்து தொடங்க வேண்டும். கடைசி இணைப்புப் பேருந்து எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்பதை, அது சேரும் இடத்திலிருந்து அடுத்து எடுக்க வேண்டிய கடைசி ரயிலோ பேருந்தோ தீர்மானிக்கிறது. நிறுத்தங்களில் உள்ள தகவல் பலகையில் முதல், கடைசிப் பேருந்து நேரங்கள் வார நாள், சனி, ஞாயிறு மற்றும் பொது விடுமுறை எனத் தனித்தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கும். ஞாயிறு வரிசையைப் பார்க்க வேண்டிய இடத்தில் வார நாள் வரிசையைப் பார்ப்பது புதியவர்களிடம் அடிக்கடி காணும் தவறு. எம்ஆர்டியிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறை நாள்களிலும் முதல் ரயில் சற்றுத் தாமதமாகவே தொடங்குகிறது என்பதால், காலை நிகழ்ச்சிகளுக்கு இதை மறக்கக் கூடாது.

கடைசி ரயிலுக்குச் சரியாகப் பொருந்தும் நேரத்தை அறிவிக்காதீர்கள். அதற்கு முந்தைய ரயில்களில் ஒன்றைப் பிடிக்கும் வகையில், குறைந்தது அரை மணி நேரம் முன்னதாக வைத்துக்கொண்டால், மழையோ நெரிசலோ அந்த அரை மணியை விழுங்கினாலும் யாரும் நடுவழியில் நிற்க நேராது.

2. ஏற்கெனவே ஓடும் பேருந்தை அறியுங்கள்

சுவா சூ காங்கிலிருந்து பழைய சுவா சூ காங் சாலை வழியாக பூன் லே நோக்கி 172 ஓடுகிறது. லிம் சூ காங் சாலையில் 975 ஓடுகிறது. நீங்கள் ஏற்பாடு செய்யும் வண்டி இவற்றின் தடத்திலேயே முழுத் தொலைவும் ஓடுமானால், பணத்தை வீணாக்குவதோடு, பொதுப் பேருந்து போகாத கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு வேண்டிய வண்டியையும் இழக்கிறீர்கள்.

ஒரு தாளில் மூன்று நிறங்களில் கோடு போடுங்கள்: பொதுப் பேருந்து போகும் பகுதி, நடந்தே போகக்கூடிய பகுதி, எதுவும் இல்லாத பகுதி. மூன்றாவது பகுதிதான் உங்களுடைய வேலை. நடக்கும் பகுதியை வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் ஒருமுறை மாலை இருட்டியபின் நேரில் நடந்து பாருங்கள். பகலில் எளிதாகத் தெரியும் பண்ணைச் சாலை, நடைபாதையும் போதிய விளக்கும் இல்லாமல், கனரக லாரிகள் போய்வரும் சாலையாக இரவில் மாறிவிடும். அப்படிப்பட்ட பகுதியை இரண்டாவது நிறத்திலிருந்து மூன்றாவதற்கு மாற்றிவிட வேண்டும்.

இன்னொன்றையும் பயணிகளிடம் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பேருந்துகள், நிறுத்தத்தில் ஆள் நின்றாலே நின்றுவிடுவதில்லை. கையை நீட்டிக் காட்ட வேண்டும். நகருக்குள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாராவது ஒருவர் கைகாட்டிவிடுவதால் இது பலருக்கு உறைப்பதில்லை. ஓரப் பகுதியில் தனியாக நிற்பவர், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே பேருந்தை விட்டுவிட்டு, அது நிற்காமல் போய்விட்டதாகப் புகார் சொல்வார். இரவில் கைப்பேசியின் திரையை ஓட்டுநரை நோக்கி உயர்த்திக் காட்டச் சொல்லுங்கள்.

3. ஆள்களை எண்ணாமல் நேரத்தை எண்ணுங்கள்

"எத்தனை பேர் வருவார்கள்?" என்று கேட்டால் நூறு என்று பதில் வரும். அந்த எண்ணால் பயனில்லை. எந்த அரை மணி நேரத்தில் எத்தனை பேர் கிளம்புவார்கள், எந்த அரை மணி நேரத்தில் எத்தனை பேர் திரும்புவார்கள் என்று கேட்க வேண்டும்.

ஞாயிறு அன்று இது பெரும்பாலும் ஒரே வடிவத்தில் அமைகிறது. போகும்போது துணி துவைத்து, சமைத்து, ஊருக்குப் பேசிவிட்டு ஆளாளுக்கு ஒரு நேரத்தில் கிளம்புவதால் கூட்டம் பல மணி நேரத்துக்குப் பரவியிருக்கும். திரும்பும்போது மறுநாள் அதிகாலை வேலை என்பதால் எல்லாரும் குறுகிய நேரத்துக்குள் வந்து குவிவார்கள். காலைக்குப் போதுமான ஒரு சிறு பேருந்து மாலைக்கு அறவே போதாது. இரு திசைகளுக்கும் ஒரே ஏற்பாடு செய்பவர்கள் காலையில் காலி இருக்கைகளையும் மாலையில் நீண்ட வரிசையையும் பார்க்கிறார்கள்.

எண்ணிக்கையை வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் குறி போடச் சொல்லித் திரட்டாதீர்கள். அறைக்கு ஒருவர் வீதம் நேரில் கேட்டு, அரை மணி நேரக் கட்டங்கள் போட்ட தாளில் கோடு போட்டு எண்ணுவதே நம்பகமானது.

4. மாறும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

இணைப்புப் பேருந்து பொதுப் போக்குவரத்தைச் சந்திக்கும் இடமே இந்தச் சேவையின் இதயம். பலரும் மிக அருகிலுள்ள எம்ஆர்டி நிலையத்தை யோசிக்காமல் தேர்ந்தெடுக்கிறார்கள். அருகாமையோடு, பயணிகள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

லிட்டில் இந்தியாவிலிருந்து திரும்பும் ஊழியர்களை எடுத்துக்கொள்வோம். டௌன்டவுன் ரயில் தடம் அவர்களை மாறாமல் நேராக புக்கிட் பாஞ்சாங்கில் இறக்கிவிடுகிறது. கிராஞ்சியில் இறங்க வேண்டுமானால் நியூட்டனில் வடக்கு தெற்குத் தடத்துக்கு மாறி, ஈசூன், உட்லண்ட்ஸ் வழியாகச் சுற்றி வர வேண்டும். பயணியின் பார்வையில் புக்கிட் பாஞ்சாங் மேலானது. ஆனால் அங்கிருந்து லிம் சூ காங்குக்கான சாலைத் தொலைவு அதிகம் என்பதால், ஒரே வண்டி ஒரு மணி நேரத்தில் ஒரு சுற்றை முடிக்க இயலாமல் போகலாம். பயணிக்கு ஒரு மாறுதலைக் குறைப்பதா, வண்டி அடிக்கடி வருவதா என்பதை இந்த இடத்தில் தீர்மானிக்க வேண்டும். என் கருத்தில், வயதானவர்களும் குழந்தைகளும் உள்ள கூட்டத்துக்கு மாறுதலைக் குறைப்பதும், இளைஞர் கூட்டத்துக்கு இடைவெளியைக் குறைப்பதும் பொருந்தும்.

இடத்தை முடிவு செய்தபின், வண்டி அங்கே நிற்க அனுமதி உண்டா என்று பாருங்கள். பொதுப் பேருந்து நிறுத்தத்தில் வாடகைப் பேருந்தை அனுமதியின்றி நிறுத்தலாம் என்று திட்டமிட வேண்டாம். அருகிலுள்ள கார் நிறுத்துமிடம், சமூக மன்றத்தின் முன்புற ஏறுமிடம் போன்றவற்றின் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கூரை, இருக்கை, கழிவறை மூன்றும் உள்ள இடம் கிடைத்தால், ஐந்து நிமிடம் கூடுதலாக நடக்க வேண்டியிருந்தாலும் அதையே எடுங்கள்; காத்திருக்கும் நேரம் அப்போதுதான் நீளமாகத் தோன்றாது.

5. நேர அட்டவணை போடுங்கள்

இந்தப் படியில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சுற்றின் முழு நேரத்தைக் கணக்கிடுங்கள். போக 22 நிமிடம், வர 22 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். இரு முனைகளிலும் ஏறி இறங்க 4 நிமிடம் வீதம் 8 நிமிடம். மொத்தம் 52. உடனே 52 நிமிடங்களுக்கு ஒரு பேருந்து என்று அட்டவணை போடுவது பெரும் பிழை. முதல் சுற்றில் வரும் 5 நிமிடத் தாமதம் அடுத்த சுற்றில் 10 ஆகி, மாலைக்குள் அட்டவணைக்கும் வண்டிக்கும் தொடர்பே இல்லாமல் போகும். மீதியுள்ள 8 நிமிடத்தை முனையில் இளைப்பாறும் நேரமாக விட்டு, சுற்றை 60 நிமிடமாக்குங்கள். ஓட்டுநர் தண்ணீர் குடிக்கவும் தாமதத்தைச் சரிக்கட்டவும் அந்த 8 நிமிடமே உதவுகிறது. மாறும் இடத்தை நகர்த்தியதால் ஒவ்வொரு திசைக்கும் 15 நிமிடம் கூடினால் சுற்று 90 நிமிடம் ஆகும். அப்போது ஒரு மணி நேர இடைவெளி காட்ட ஒரு வண்டி போதாது, இரண்டு வண்டி வைத்து 45 நிமிட இடைவெளி கொடுக்கலாம்.

60 நிமிடச் சுற்றுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஒவ்வொரு மணிக்கும் அதே 10ஆம் நிமிடத்தில் வண்டி கிளம்பும் என்றால் அதை யாரும் எழுதிவைக்க வேண்டியதில்லை. 4.10, 5.02, 5.54 என்று போகும் அட்டவணையை யாராலும் நினைவில் வைத்திருக்க முடியாது.

சாங்கி முனையிலிருந்து புலாவ் உபின் தீவுக்குப் போகும் படகுகள் 12 பேர் சேர்ந்தவுடன் கிளம்புகின்றன, நேரம் குறிக்கப்படுவதில்லை. "நாமும் அப்படி ஆள் நிறைந்ததும் கிளம்பலாமே, செலவு மிச்சமாகுமே" என்று கூட்டங்களில் யாராவது நிச்சயம் சொல்வார்கள். சாங்கி முனையில் காற்று வாங்கியபடி காத்திருக்க வந்தவர்களுக்கு அது சரி. அடுத்த ரயிலைப் பிடிக்க வேண்டியவருக்கு அது உதவாது. அவருக்கு வேண்டியது கிளம்பும் நேரம் பற்றிய உறுதி. காலியாக இருந்தாலும் குறித்த நேரத்தில் கிளம்புங்கள். முதல் இரண்டு வாரம் காலி இருக்கைகள் கண்ணை உறுத்தும். நேரம் தவறாமல் வண்டி போவதைப் பார்த்தபின்தான் மக்கள் அதை நம்பி வருவார்கள்.

அடுத்து, ரயிலோ பேருந்தோ வந்து சேரும் நேரத்துக்கும் உங்கள் வண்டி கிளம்பும் நேரத்துக்கும் இடையே எவ்வளவு விடுவது? ரயில் அடிக்கடி வருவதால் அதைப் பற்றிக் கவலையில்லை. நீண்ட இடைவெளியில் வரும் பேருந்தோடு இணைக்கும்போது 8 முதல் 10 நிமிடம் விடுங்கள். அதற்குக் குறைந்தால் பேருந்து சற்றே தாமதமானாலும் இணைப்பு முறிகிறது. அதற்கு மிஞ்சினால் பயணிகள் டாக்சி தேடத் தொடங்குகிறார்கள்.

கட்டணத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. பயண அட்டையில், ஒரு பேருந்திலிருந்து இறங்கி 45 நிமிடத்துக்குள் அடுத்த பேருந்திலோ ரயிலிலோ ஏறினால் அது அதே பயணத்தின் தொடர்ச்சியாகக் கணக்கிடப்படும். ஒரு பயணத்தில் 5 மாறுதல்கள் வரை, மொத்தம் 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும், அதே எண்ணுள்ள பேருந்தில் மீண்டும் ஏறக் கூடாது. உங்கள் இலவச வண்டி இரண்டு பொதுப் பயணங்களுக்கு நடுவில் வருமானால், அதில் செலவாகும் நேரமும் அந்த 45 நிமிடத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் பயணி புதிய பயணத்துக்கான கட்டணத்தைச் செலுத்துவார். காரணம் புரியாமல் உங்களிடம்தான் கேட்பார்.

6. வண்டியையும் உரிமத்தையும் உறுதி செய்யுங்கள்

இப்போது வாடகை கேளுங்கள். ஓட்டுநரிடம் நிலப் போக்குவரத்து ஆணையம் வழங்கும் பேருந்து ஓட்டுநருக்கான தொழில் உரிமம் இருக்கிறதா, வண்டி பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றதா, காப்புறுதி பயணிகளுக்கும் பொருந்துமா என்ற மூன்றையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

நல்லெண்ணத்தில் இருவகைத் தவறுகள் நடக்கின்றன. ஒன்று, நண்பரின் வேனை எடுத்து, பெட்ரோலுக்கு என்று ஆளுக்கு இரண்டு வெள்ளி வாங்குவது. உரிமமில்லாத வண்டியில் கட்டணம் வாங்கி ஆள் ஏற்றுவது சட்டமீறல். மற்றொன்று, நிறுவனத்தின் லாரியைக் கேட்டு வாங்கி அதில் விழாவுக்கு வருவோரை ஏற்றுவது. சரக்கு வாகனத்தில் ஏற்றிச் செல்ல அனுமதி, அதன் உரிமையாளரிடமோ அதை வாடகைக்கு எடுத்தவரிடமோ வேலை செய்வோருக்குத்தான் உண்டு. தொண்டூழியர்களும் விருந்தினர்களும் அதில் அடங்கமாட்டார்கள்.

ஒரு பெரிய பேருந்தா, இரண்டு சிறியவையா என்ற கேள்விக்கு, நாள் முழுதும் ஓடும் சேவையானால் இரண்டு சிறியவை என்பேன். ஒன்று பழுதானாலும் சேவை முற்றாக நிற்காது. மாலை நெரிசலுக்கு மட்டும் பெரிய வண்டி ஒன்றைக் குறிப்பிட்ட மணி நேரங்களுக்குச் சேர்த்துக்கொள்ளலாம்.

சக்கர நாற்காலியில் வருபவர் இருந்தால் தனியாக யோசியுங்கள். பொதுப் பேருந்துகள் சக்கர நாற்காலிக்கு ஏற்றவை. வாடகைச் சிறு பேருந்துகளில் பெரும்பாலும் படிகள்தான். பொதுப் பேருந்தில் வந்திறங்கியவர் உங்கள் வண்டியில் ஏற முடியாமல் நின்றால், அதுவரையிலான ஏற்பாட்டால் அவருக்கு என்ன பயன்?

7. தகவலை ஒரே தாளில் கொடுங்கள்

ஏறுமிடத்தின் படம், நிறுத்தக் குறியீடு, கிளம்பும் நிமிடம், கடைசி வண்டியின் நேரம், ஒரு தொலைபேசி எண். இவ்வளவு போதும். கடைசி வண்டியின் நேரத்தை மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில் போடுங்கள். விடுதிகளில் தமிழோடு வங்காளத்திலும் அச்சிட வேண்டியிருக்கும். பேருந்து எண், இடப்பெயர், நேரம் ஆகியவற்றை ஆங்கிலத்திலும் சேர்த்தால், வழியில் யாரிடமும் காட்டிக் கேட்க உதவும்.

அட்டவணை மாறினால் பழைய தாளை அகற்றும் வேலையை ஒருவர் பெயரில் ஒப்படையுங்கள். வாட்ஸ்அப்பில் பழைய படம் சுற்றிக்கொண்டேயிருக்கும். ஆகவே ஒவ்வொரு தாளின் மேலேயும் எந்தத் தேதிக்கானது என்று போட்டுவிடுங்கள்.

8. அன்றைய நாளில் யார் என்ன செய்வது

இரு முனைகளிலும் ஒவ்வொருவர் வேண்டும். ஒரே ஒருங்கிணைப்பாளர் வண்டியிலேயே சுற்றிக்கொண்டிருந்தால், அவர் இல்லாத முனையில்தான் எப்போதும் குழப்பம் நேர்கிறது.

தாமதமாக வரும் இணைப்புக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை முதல் நாளே முடிவு செய்து ஓட்டுநரிடமும் சொல்லிவிடுங்கள். நான் பரிந்துரைப்பது: சாதாரணச் சுற்றுகளில் 3 நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம், கடைசி வண்டியில் மட்டும் வர வேண்டிய அனைவரும் வந்தபின் கிளம்பலாம். இந்த விதி எழுதப்படாவிட்டால், "தம்பி, எங்க மாமா வந்துக்கிட்டே இருக்காரு, இன்னும் ரெண்டே நிமிஷம்" என்ற ஒரு குரலுக்காக, ஏறி உட்கார்ந்திருப்பவர்கள் அனைவரும் அடுத்த ரயிலைத் தவறவிடுவார்கள்.

கடைசி வண்டியில் வர வேண்டியவர்களை அறிய, போகும்போதே தலை எண்ணி வைத்திருக்க வேண்டும். போனவர்கள், வந்தவர்கள் என்று இரண்டு பத்திகள் போட்ட ஓர் அட்டை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தொங்கினால் போதும். ஒவ்வொரு சுற்றிலும் பேனாவால் ஒரு எண். இரண்டு கூட்டல்களும் பொருந்தாதபோது, டாக்சியில் போனவர்கள் யார் என்று தொலைபேசியில் கேட்டுக் கழித்துவிட்டு வண்டியை அனுப்பலாம்.

9. இந்த வட்டாரத்துக்கே உரிய இடர்கள்

சீனர்கள் முன்னோரின் கல்லறைகளுக்குச் சென்று வணங்கும் சிங் மிங் காலத்தைத் தமிழ்க் குழுக்கள் பெரும்பாலும் யோசிப்பதில்லை. ஏப்ரல் 4 அல்லது 5ஆம் தேதி வரும் அந்த நாளை ஒட்டிய வார இறுதிகளில், சுவா சூ காங் கல்லறைகளுக்கும் அஸ்தி மாடங்களுக்கும் வரும் குடும்பங்களால் அவ்வழிச் சாலைகள் நிறைந்துவிடும். தமிழ்ப் புத்தாண்டு நிகழ்ச்சிக்கான ஒத்திகையை அந்த ஞாயிறுகளில் வைத்தால், 22 நிமிடப் பயணம் எவ்வளவாக நீளும் என்று சொல்ல முடியாது. தேதியை மாற்றுங்கள், அட்டவணையால் இதைச் சமாளிக்க முடியாது.

லிம் சூ காங் சாலையின் ஒரு பகுதி, ஆகாயப் படையின் மாற்று ஓடுபாதையாகப் பயன்படும்படி அமைக்கப்பட்டது. 2016இல் அதற்கான பயிற்சி நடந்தபோது சாலை மூடப்பட்டு, பேருந்துகள் மாற்று வழியில் திருப்பிவிடப்பட்டன. இத்தகைய சாலை மூடல் அரிதாகத்தான் நடக்கும், ஆயினும் முன்னறிவிப்பு வரும் என்பதால், நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் முன்பு ஒருமுறையும் முந்தைய நாள் ஒருமுறையும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அறிவிப்புகளைப் பார்த்துவிடுங்கள்.

மழைக்குத் தனி ஏற்பாடு வேண்டும். கூரையில்லாத, கம்பம் மட்டும் நிற்கும் நிறுத்தங்களில் இடி மின்னலின்போது யாரையும் காத்திருக்கச் சொல்லக் கூடாது. அத்தகைய நிறுத்தங்களுக்கு, மழைக்காலத்தில் மட்டும் செயல்படும் மாற்று ஏறுமிடம் ஒன்றை, பெரும்பாலும் பண்ணையின் அல்லது விடுதியின் வாயில் கூரையைக் கேட்டு வாங்கி, தாளிலேயே அச்சிட்டுவிடுங்கள்.

10. முதல் மாதத்திற்குப் பின்

ஒவ்வொரு சுற்றிலும் ஏறியவர் எண்ணிக்கையும் கிளம்பிய உண்மையான நேரமும் அட்டையில் இருக்கும். நான்கு ஞாயிறுகளின் அட்டைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் எந்தச் சுற்று காலியாக ஓடுகிறது, எந்தச் சுற்றில் ஆள் விடுபடுகிறார்கள் என்பது தெரியும். காலியாக ஓடும் சுற்றை நீக்கும்போது, கடைசிச் சுற்றில் மட்டும் கை வைக்காதீர்கள். அதில் மூன்றே பேர் வருகிறார்கள் என்று கணக்குக் காட்டினாலும், முந்தைய வண்டியில் வரும் முப்பது பேர், அது தவறினாலும் இன்னொன்று இருக்கிறது என்ற தைரியத்தில்தான் வீட்டை விட்டோ விடுதியை விட்டோ கிளம்பியிருக்கிறார்கள்.

மாற்றம் செய்வதானால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு வாரம் முன்னதாக அறிவித்து, மாற்றம் நடைமுறைக்கு வரும் முதல் ஞாயிறு பழைய ஏறுமிடத்திலும் ஒருவரை நிறுத்தி வையுங்கள்.